கையெழுத்துப் போடாதவர்கள்

சொத்து வாங்கப்போகிறவர்கள் பத்திரக் கட்டை என் மேசையில் வைத்ததும் கேட்பது, "வில்லங்கம் போட்டுப் பார்த்துட்டோம் சார், ஒண்ணும் இல்ல. இனிமே என்ன இருக்கு?" என்றுதான். 1983இல் கும்பகோணத்தில் ஒரு சிவில் வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்த நாளிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். பதிலும் மாறவில்லை. பத்திரம் பதிந்தவர்களைத்தான் வில்லங்கச் சான்று காட்டும். பங்கு இருந்தும் கூப்பிடப்படாதவர்கள், அப்போது கையெழுத்துப் போடும் வயதை எட்டாதவர்கள், உயில் எழுதி வைத்துவிட்டு இறந்துபோனவர்கள், நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தும் வாய் திறக்காத சுவாமி, இவர்கள் யாரும் அதில் வரமாட்டார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வக்கீல் அய்யா இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். "எழுதிக் கொடுத்தவன் யாருன்னு பத்திரமே சொல்லிடும்டா தம்பி. எழுதிக் கொடுக்காதவன் யாருன்னு நீ கண்டுபிடிச்சுட்டு வா."

அன்றைக்குத் தேடுவது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவறைக்குப் போவதுதான். அசையாச் சொத்துப் பத்திரங்கள் 1ஆம் புத்தகத்தில் இருக்கும். அதற்கு இரண்டு அட்டவணைகள். ஒன்று பெயர்வழி, மற்றது சொத்துவழி. சொத்து அட்டவணையில் கிராமத்தைப் பிடித்து, சர்வே எண்ணைப் பிடித்து, ஆண்டு ஆண்டாகக் கீழே இறங்க வேண்டும். கட்டணம் கட்டினால் 1ஆம் புத்தகத்தின் அட்டவணையை யாரும் பார்க்கலாம். அது சட்டம் கொடுத்த உரிமை. ஆனால் பெரும்பாலானவர்கள் மனுவைக் கொடுத்துவிட்டு, எழுதி வரும் சான்றை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அய்யா விடமாட்டார். சான்று வந்த பிறகும் பெயர் அட்டவணையை ஒருமுறை புரட்டிவிட்டு வரச் சொல்வார். அப்படிப் புரட்டும்போதுதான் ஒரு குடும்பமே கண்ணில் படும். அண்ணன் விற்ற பத்திரம், அதே தகப்பன் பெயர் போட்டுத் தம்பி எழுதிய ஈடு, அவர்கள் அம்மாவுக்கு யாரோ எழுதிய செட்டில்மென்ட் என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். சர்வே எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போனவனுக்கு இது கிடைக்காது.

பழைய பத்திரங்களைப் படிப்பதே ஒரு படிப்பு. புள்ளி வைக்காத எழுத்து, கிரந்தம் கலந்த நடை, தமிழ் எண்கள், மாவும் காணியும் முந்திரியுமாகப் பின்னக் குறிகள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது 33 சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று வந்த பிறகு, தாத்தாவின் மூன்று மா பேரனின் பட்டாவில் சரியாக இறங்கியிருக்கிறதா என்று நாம்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். தேதியும் அப்படித்தான். 'பிரபவ வருஷம் ஆனி மாதம்' என்று மட்டும் எழுதிய ஓலையோ காகிதமோ வந்தால், பிரபவ 1867இலும் உண்டு, 1927இலும் உண்டு. முத்திரைத்தாளில் விக்டோரியா ராணி தலையா, ஜார்ஜ் ராஜா தலையா என்று பார்த்து 60 வருஷக் குழப்பத்தைத் தீர்ப்போம்.

வில்லங்கச் சான்று கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். ஒரு முறை ஒரு தோப்புக்கு முப்பது வருஷத்துக்குச் சான்று போட்டு, சுத்தமாக வந்துவிட்டது. விற்பவரும் நல்ல மனிதர். ஆனால் தாய்ப்பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் வேறொரு சார்பதிவகத்தின் பெயர் இருந்தது. விசாரித்தால், அந்தக் கிராமம் இடையில்தான் புதிய அலுவலகத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்குப் பழைய அலுவலகத்தில்தான் தேட வேண்டும். அங்கே போட்டுப் பார்த்தால், விற்பவரின் தகப்பனார் எழுதிக் கொடுத்த போக்கியம் ஒன்று மீட்கப்படாமலே கிடந்தது. புதிய அலுவலகம் தந்த சான்றில் பொய் எதுவும் இல்லை. தன்னிடம் இருந்த புத்தகத்தைப் பார்த்து அது உண்மையைத்தான் சொல்லியிருந்தது.

சர்வே எண்ணிலும் இந்தக் கதைதான். 1979இல் தொடங்கி எண்பதுகளின் பின்பாதிவரை நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யூ.டி.ஆர். என்றால்தான் ஊரில் எல்லோருக்கும் புரியும். கூட்டுப் பட்டாக்கள் உட்பிரிவாயின, ஏக்கர் சென்ட் போய் ஹெக்டேர் வந்தது. அந்தத் திட்டம் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான், 1980 நவம்பரில், பரம்பரையாக வந்த கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது. அது செய்ய வேண்டிய காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு குடும்பம் ஊர்க் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்துக்கொண்டு என்னென்ன செய்தது என்று பதிவேடுகளில் பார்த்தவன் நான். ஆனால் எந்த வயல் யார் அனுபவத்தில் இருக்கிறது என்ற நினைவும் அவர்களோடு போயிற்று. புதிதாக வந்தவர்கள் வரப்பில் நின்றவர் சொன்ன பெயரை எழுதினார்கள். மெட்ராசில் வேலை பார்த்த தம்பியின் பெயர் விட்டுப்போயிற்று, ஊரில் இருந்த அண்ணன் பெயரில் முழுப் பட்டாவும் ஏறியது. சில இடங்களில் பட்டா நிலமே புறம்போக்கு ஆனது. பட்டா வருவாய்த் துறையின் கணக்கு, அது உரிமை மூலமாகாது என்று நீதிமன்றங்கள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டன. ஆனாலும் "பட்டா எங்க பேர்ல இருக்கு சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவர்கள் இன்றும் வருகிறார்கள். யூ.டி.ஆருக்கு முந்தைய கிராம 'அ' பதிவேட்டையும் எஸ்.எல்.ஆர். என்ற செட்டில்மென்ட் நிலப் பதிவேட்டையும் பார்க்காமல் நான் எந்த நிலத்துக்கும் கருத்து எழுதியதில்லை.

இந்தத் தொழிலில் என் காலத்தில் நடந்த மிகப் பெரிய மாற்றம் எது என்று கேட்டால் கணினியைச் சொல்லமாட்டேன். பெண்களைச் சொல்வேன்.

நான் சேர்ந்தபோது பத்திரங்களில் மகள் பெயர் அநேகமாக வரவே வராது. "பொண்ணுகளுக்குக் கட்டிக் கொடுத்து, சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். பத்திர எழுத்தர்களும் கேட்கமாட்டார்கள். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த நாளிலிருந்தே, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சுயார்ஜிதச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு. கல்யாணம் ஆனதா ஆகவில்லையா என்ற கேள்வியே அங்கே இல்லை. பிதுரார்ஜிதத்தில்கூட ஒன்றுமில்லாமல் போகவில்லை. ஒரு தகப்பனும் இரண்டு மகன்களும் கூட்டுக்குடும்பமாக வைத்திருந்த மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் இறந்தால் அவருடைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஓர் ஏக்கர், மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் என்று ஐந்தாகப் பிரியும். ஒரு மகளுக்கு 20 சென்ட். வயலாக இருந்தவரை அந்த 20 சென்டை யாரும் பொருட்படுத்தவில்லை. அதே வயல் மனையாகப் பிரிந்தபோது 8,712 சதுர அடி ஆனது. அப்போதுதான் வழக்குகள் வந்தன.

பிறகு தமிழ்நாட்டுத் திருத்தம் வந்தது. 1989 மார்ச் 25ஆம் தேதி வரை கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பிதுரார்ஜிதத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை. அந்தத் தேதி வந்த பிறகு எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் கேட்கத் தொடங்கிய கேள்வி, "உங்க தங்கச்சிக்கு எப்ப கல்யாணம் ஆச்சு?" என்பது. கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவரச் சொல்வோம். ஒரே வீட்டில் 1988இல் கல்யாணமான அக்காவுக்கு அந்த உரிமை இல்லை, 1990இல் கல்யாணமான தங்கைக்கு உண்டு. அதைக் கேட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த அக்கா ஒன்றும் பேசாமல் எழுந்து போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேறுபாடு 2005 செப்டம்பர் 9இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் நீங்கியது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பதில் மேலும் பதினைந்து வருஷம் குழப்பம். 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேண்டியதில்லை என்று முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாக நடந்த விற்பனையும் பாகப்பிரிவினையும் செல்லும் என்பதால், அந்தத் தேதியும் எங்களுக்கு மனப்பாடம்.

சட்டம் தேதி சொல்லிவிடும். ஆட்களை யார் சொல்வது? தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் மனு கொடுத்தவர் சொன்ன பெயர்கள்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் நான் கருமாதிப் பத்திரிகை கேட்பேன். இறந்தவரின் படத்துக்குக் கீழே மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று ஊர் பெயரோடு அச்சடித்திருப்பார்கள். அதை அச்சடிக்கும்போது யாருக்கும் சொத்து ஞாபகம் இருக்காது, யாரையும் விட்டுவிடக்கூடாது என்ற பயம்தான் இருக்கும். வாரிசுச் சான்றில் இரண்டு பெயரும் கருமாதிப் பத்திரிகையில் ஐந்து பெயரும் இருந்த கட்டுகள் எத்தனையோ என் கையில் வந்திருக்கின்றன. பழைய ரேஷன் கார்டும் உதவும். தகப்பனாருக்கு முதல் தாரம் உண்டா என்று ஊரில் டீக்கடையில் விசாரித்தும் இருக்கிறேன். கேட்கச் சங்கடமான கேள்விதான். ஆனால் முதல் தாரத்துப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டே.

மைனர்கள் விஷயம் கணக்கு சம்பந்தப்பட்டது. தகப்பன் இறந்து மகனுக்குத் தனிப்பட வந்த பங்கை, அம்மா கார்டியனாக நின்று கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றிருந்தால், அந்தப் பையன் 18 வயதானதிலிருந்து மூன்று வருஷத்துக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே பள்ளிச் சான்றிதழை வாங்கி வயதைக் கூட்டிப் பார்ப்போம். 21 தாண்டி வழக்கு எதுவும் போடவில்லை என்றால் மேலே போகலாம்.

கோயில் நிலத்துக்கு அப்படிக் கெடு எதையும் நம்பிப் போக முடியாது. தொண்ணூறுகளில் ஒருவர் கல்யாண மண்டபம் கட்ட ஓர் இடம் பார்த்தார். எழுபது வருஷத்துக்குப் பத்திரத் தொடர்ச்சி இருந்தது. வில்லங்கம் சுத்தம். நான் சொத்து விவரத்தில் நான்கெல்லையைப் படித்தேன். வடக்கே சுவாமி நிலம், மேற்கே சுவாமி நிலம், தெற்கே வாய்க்கால். பழைய பத்திரம் ஒன்றில் 'கோயிலுக்கு உண்டான மேல்வாரத்தை நீரே செலுத்திக்கொண்டு' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ரயிலேறினேன். 1860களில் வெள்ளைக்கார அரசு இனாம்களை விசாரித்து எழுதிய பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. கிராமம் வாரியாக, யாருக்கு, எதற்காக, எவ்வளவு நிலம் கொடுக்கப்பட்டது என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். அந்த வயல் சுவாமி பூஜைக்கு விடப்பட்ட தேவதாயம். பிறகு 1963ஆம் ஆண்டு இனாம் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் செட்டில்மென்ட் தாசில்தார் போட்ட உத்தரவைத் தேடிப் பிடித்தோம். ரயத்துவாரிப் பட்டா கோயில் பெயரில்தான் கொடுக்கப்பட்டிருந்தது. விற்க வந்த குடும்பம் தலைமுறையாகப் பயிரிட்டவர்கள், தங்கள் அனுபவத்தைத்தான் கைமாற்றி வந்திருக்கிறார்கள். அறநிலையத் துறை ஆணையர் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. மண்டபம் வேறு இடத்தில் எழும்பியது. இன்றைக்கு அத்தகைய நிலங்களின் எண்களைப் பதிவுத் துறையே தடுத்து வைத்திருப்பதால் பத்திரம் பதிவுக்கே போகாது. அந்தத் தடை வராத காலத்தில் விற்றுப்போன நிலங்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

அதைவிடப் பெரிய ஆற்றாமை செங்கல்பட்டில். மெட்ராஸைச் சுற்றி மனை வியாபாரம் பெருகியபோது அந்தப் பக்கம் நிறைய வேலை வந்தது. ஒரு நிறுவனத்துக்காக ஒரு பெரிய நிலப்பரப்பைப் பார்த்தேன். 1950களிலிருந்து தொடர்ச்சி கச்சிதமாக இருந்தது. அதற்கு முன்னால் எதுவுமில்லை. முதல் பத்திரத்தில் விற்றவருக்கு நிலம் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. பழைய 'அ' பதிவேட்டைப் பார்த்தால் குறிப்புப் பத்தியில் டி.சி. என்று இரண்டு எழுத்து. பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைமையை எழுதி அனுப்பிய அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892இல் அரசு அவர்களுக்கென்று ஒதுக்கிய நிலம். முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்த மக்களுக்குள்ளேயேதான் விற்கலாம் என்பது நிபந்தனை. வாங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். அவர்கள் வேறோர் இடத்தில் கருத்து வாங்கி மனை போட்டு விற்றார்கள். நிலத்தை இழந்த குடும்பங்களின் சேரி பக்கத்திலேயே இருந்தது. மனை வாங்கியவர்களும் வாத்தியார்கள், ரயில்வேக்காரர்கள், சேமித்த பணத்தைப் போட்டவர்கள். 1994 அக்டோபரில் அதே செங்கல்பட்டில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டுப் போராடியவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்தக் குறிப்புப் பத்திதான் கண்முன் வந்தது. அந்த இரண்டு எழுத்து ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும் இருந்துகொண்டேதான் இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை.

மறைக்க நினைப்பவர்களுக்கு வழிகளும் இருந்தன. 1997க்கு முன், ஒரு பத்திரத்தில் வேறு ஊரில் உள்ள துண்டு நிலம் ஒன்றைப் பெயருக்குச் சேர்த்து, அந்த ஊர் அலுவலகத்திலேயே முழுவதையும் பதிந்துவிடலாம். அங்கிருந்து நம் அலுவலகத்துக்கு மெமோ வர வேண்டும். வராமல் போனால் இங்கே வில்லங்கத்தில் ஏறாது. தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி அதை அடைத்தது. பொது அதிகாரப் பத்திரமும் நெடுங்காலம் 4ஆம் புத்தகத்தில் இருந்ததால் சொத்து வில்லங்கத்தில் தெரியாது. அதிகாரம் கொடுத்தவர் இறந்த பிறகும் ஏஜெண்டு விற்றுக்கொண்டே இருப்பார். அதனால் அவர் உயிரோடிருக்கிறார் என்று டாக்டர் கொடுத்த சான்று கேட்போம், முடிந்தால் நேரிலேயே போய்ப் பார்த்துவிடுவோம். பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்கியதும் அன்று சான்றில் தெரியாது. ஜெராக்ஸ் கொண்டுவந்தால் அசல் எங்கே என்று கேட்பதுதான் ஒரே வழி. தொலைந்தது என்றால் போலீஸ் புகார், பத்திரிகையில் விளம்பரம். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு நகைக்கடைக்காரர், "அசல் என்கிட்ட அடமானமா இருக்கு" என்று வந்து நின்றதும் உண்டு.

2000இல் சார்பதிவகங்களுக்குக் கணினி வந்தது. வாரக்கணக்கில் காத்திருந்த சான்று அன்றே கிடைத்தது. இன்று 1975 வரைக்குமான விவரத்தைப் பெரும்பாலும் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். லஞ்சமும் அலைச்சலும் குறைந்ததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கணினி தட்டிய எண்ணுக்கு மட்டும் பதில் சொல்கிறது. 45/2அ என்று இருக்க வேண்டியதை 45/2 என்று ஏற்றியிருந்தால் அது வராது. ஆகவே இப்போதும் பழைய எண், தாய் எண், உட்பிரிவு, பெயர், தகப்பன் பெயர் என்று தனித்தனியாகத் தேடச் சொல்கிறேன். பக்கத்து நிலத்துக்காரரின் பத்திரத்தையும் எடுக்கச் சொல்கிறேன். அவருடைய நான்கெல்லையில் நம் நிலம் யார் பெயரில் சொல்லப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் பத்திரத்தைத் திருத்தி எழுதுகிறவன் பக்கத்துக்காரன் பத்திரத்தைத் திருத்த முடியாது.

பதிவாகிவிட்டால் சொத்து நம்முடையது என்ற எண்ணமும் இந்த வேகத்தில் வளர்ந்துவிட்டது. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதியலாம் என்று 2022இல் தமிழ்நாட்டில் ஒரு விதி வந்தது. அது செல்லாது என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை இல்லை, சட்டம் அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். அப்படியானால் ஆராய்வது யார் வேலை? வாங்குகிறவன் வேலை. அவன் நம்பி வருகிற எங்கள் வேலை.

அண்மையில் பாபநாசம் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்தது. கட்டியவர் 1971இல் உயில் இல்லாமல் இறந்துவிட்டார். 1978இல் மகன்கள் மட்டும் சேர்ந்து விற்றிருக்கிறார்கள். அதன் பிறகு இரண்டு கை மாறிவிட்டது. கருமாதிப் பத்திரிகை கிடைக்கவில்லை. மகன் ஒருவரின் கல்யாணப் பத்திரிகையில் ஒரு மகள் பெயர் இருந்தது. தேடினால் பக்கத்து ஊரிலேயே இருந்தார். வாங்கப்போகிறவருக்குக் கோபம். "நாற்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சே அய்யா, அவங்க கேஸ் போட்டாலும் நிக்காதே, கையெழுத்து எதுக்கு?" என்றார். கோர்ட்டில் அந்த அம்மா வெல்வது கடினம்தான். ஆனாலும் அவருக்கு ஒரு தொகை கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கிவிடச் சொன்னேன். பாதுகாப்பு ஒரு காரணம். பாதி வீட்டைக் கட்ட அவருடைய அம்மாவின் நகை போயிருக்கிறது என்று ஊரில் சொன்னது இன்னொரு காரணம்.

அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். வரைவை நானே வாசித்துக் காட்டினேன். அப்பா பெயர், தாத்தா பெயர், தெரு, நான்கெல்லை எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர், வாரிசுகள் பட்டியலில் நிறுத்தச் சொன்னார்.

"எங்கக்கா பேரு எங்க தம்பி? வேற சாதியில கட்டிக்கிட்டான்னு பத்திரிகையில போடமாட்டாங்க. திருச்சியில இருக்கா. அவகிட்ட வாங்கலையா?"

பதிவுக்கு வாங்கியிருந்த டோக்கனை ரத்து செய்துவிட்டு, மறுவாரம் திருச்சிக்குப் போனோம்.